கிணற்று மோட்டாருக்கும் வீட்டு மெயின் போர்டுக்கும் பூமி இணைப்பு

எர்த் என்று யாவரும் வழங்கும் பூமி இணைப்பு இல்லாமலே கிணற்று மோட்டார் ஓடும்; தண்ணீரும் குறைவின்றி வரும்; வீட்டில் விளக்குகளும் எரியும். இக்காரணத்தினாலேயே குடியானவர்கள் இந்த ஒரு வேலையில் செலுத்தும் கவனம் மற்றெல்லாவற்றையும்விடக் குறைவாயிருக்கிறது. பியூஸ் போனால் மோட்டார் நின்றுவிடும். உடனே ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்கிறோம். எர்த் கம்பி அறுந்துபோனால் ஒன்றும் நிற்பதில்லை. ஆகையால் ஒருவரும் அறிவதில்லை. மோட்டாருக்குள்ளிருக்கும் சுருளின் உறை கருகி, மின்சாரம் அதன் இரும்பு உடம்பில் ஏறுகிற நாளில்தான் அக்குறை வெளிப்படும். அன்று ஈரக்காலோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிறவர் நிலத்துக்கு உடையவராயிருக்கலாம், பண்ணையாளாயிருக்கலாம், பள்ளிவிட்டு வந்து மோட்டார் போடப் போன பிள்ளையாகவும் இருக்கலாம்.

பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூர்ப் பக்கத்திற்கு வந்த காலந்தொட்டு, தமிழ்நாட்டுக் கிணறுகளில் கவலை படிப்படியாய் மறைந்து மோட்டார் இடம்பெற்றது. மோட்டாரை ஓட்டக் குடியானவர்கள் நன்றாய்க் கற்றுக்கொண்டார்கள். ஆனால், எர்த் என்பது என்ன, அது எப்படி உயிரைக் காக்கிறது, எந்த அளவுக்கு மேல் அதனால் காக்க முடியாது என்னும் விஷயங்கள் இன்னும் தெளிவாய் விளங்கவில்லை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் எங்கே திரும்புகிறது?

“எர்த் போட்டிருந்தால் கசியும் மின்சாரத்தைப் பூமி விழுங்கிவிடும்” என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. மின்சாரம் தான் புறப்பட்ட டிரான்ஸ்பார்மருக்கே திரும்பிச் செல்ல வேண்டும். திரும்பும் வழி இல்லாவிட்டால் அது ஓடுவதேயில்லை. சாதாரணமாய் அது ஃபேஸ் கம்பியில் வந்து நியூட்ரல் கம்பியில் திரும்புகிறது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனையை மின்வாரியத்தார் அங்கேயே பூமியோடு இணைத்திருக்கிறார்கள். ஆகையால் பூமியும் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் மற்றொரு வழியாகிறது. பூமியில் நிற்கும் ஒருவர் மின்சாரம் ஏறிய இரும்பைத் தொட்டால், அது அவருடைய கை வழியே புகுந்து, கால் வழியே மண்ணில் இறங்கி, டிரான்ஸ்பார்மரைச் சேருகிறது. காகம் ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கையில் அதற்குத் தீங்கு நேராமைக்குக் காரணம், அங்கே திரும்பும் வழி இல்லாமையே.

உயிருக்கு அபாயம் உண்டாக மிகச் சிறிய அளவு மின்சாரமே போதும். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லியாம்பியர் ஆகும். சுமார் 10 மில்லியாம்பியர் கையின் வழியே சென்றால் தசை இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமற் போகும். 30 மில்லியாம்பியருக்கு மேற்பட்டுச் சில விநாடி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் அபாயம் நேரும். ஒரு சாதாரண 60 வாட் குண்டு பல்பில் ஓடுவதே 260 மில்லியாம்பியர் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

எர்த் பைப் மட்டும் போதுமா?

இதில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். நடுத்தரமான ஈர மண்ணில் 2.5 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் குறுக்களவுமுள்ள ஜி.ஐ. குழாயைப் புதைத்தால், அதற்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள மின்தடை ஏறக்குறைய 35 ஓம் ஆகும். டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்கு 5 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40 ஓம். 230 வோல்ட் உள்ள ஃபேஸ் கம்பி மோட்டாரின் உடம்பில் பட்டால், இவ்வழியே ஓடும் மின்சாரம் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

5 குதிரைச் சக்தி மோட்டார் நல்ல நிலையில் ஓடும்போதே ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். அதற்குப் போட்டிருக்கும் பியூஸ் 15 அல்லது 20 ஆம்பியர் தாங்கக்கூடியது. அப்படியிருக்க, 6 ஆம்பியர் கசிவு அந்தப் பியூஸை எவ்வாறு உருக்கும்? உருக்காது. மோட்டாரின் உடம்பில் ஏறக்குறைய 200 வோல்ட் ஏறி, யாராவது கண்டுபிடிக்கும்வரையில் அப்படியே நிற்கும். எர்த் பைப் உண்டு, கம்பியும் அறவில்லை; ஆயினும் தொட்டவருக்கு அபாயமே.

எனவே பியூஸை மட்டும் நம்பி எர்த் பைப்பைப் புதைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று இருப்பது தவறு. பியூஸும், எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்சும், கம்பி சூடேறி எரிந்துபோகாமல் காப்பவை. மனிதரையும் மாட்டையும் காக்க வேறு சாதனம் வேண்டும்.

மின்கசிவுத் தடுப்பான்

அந்தச் சாதனமே மின்கசிவுத் தடுப்பான். கடைகளில் இதை ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்க வேண்டும். இது போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கிறது. போனதைவிடத் திரும்பியது குறைந்தால், குறைந்த பங்கு மண் வழியாகவோ ஒருவருடைய உடல் வழியாகவோ போகிறதென்று பொருள். அக்குறைவு குறித்த அளவை எட்டினால் ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் அளவுள்ளது ஏற்றது.

முன் சொன்ன கணக்கில் 6 ஆம்பியர் கசிவு பியூஸை உருக்கவில்லை. ஆனால் அது 30 மில்லியாம்பியரைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. ஆகையால் தடுப்பான் அந்தக் கணமே விழுந்துவிடும். “அப்படியானால் எர்த் பைப் எதற்கு?” என்று கேட்கலாம். எர்த் இல்லாவிட்டால், உடம்பில் ஏறிய மின்சாரத்துக்குத் திரும்பும் வழியிராது. ஒருவர் தொட்ட பிறகே கசிவு உண்டாகி, தடுப்பான் விழும். எர்த் இருந்தால், பழுது நேர்ந்த கணத்திலேயே, ஒருவரும் தொடுவதற்கு முன்பே விழும். ஆகவே ஒன்றுக்கொன்று துணை. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாமென்பதில்லை.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் கேபிள் நீளமாயிருப்பதால், பழுதில்லாத நிலையிலேயே சிறிது கசிவு இருக்கும். 30 மில்லியாம்பியர் தடுப்பான் அடிக்கடி விழக்கூடும். அப்போது தொந்தரவென்று அதைக் கழற்றி எறிவது கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு 100 அல்லது 300 மில்லியாம்பியர் அளவுள்ளதைப் போட்டுக்கொள்ளலாம். 35 ஓம் எர்த்தும் 300 மில்லியாம்பியர் தடுப்பானும் உள்ள இடத்தில், மோட்டாரின் உடம்பில் நிலைத்து நிற்கக்கூடிய அழுத்தம் சுமார் 10 வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் உரிந்த கம்பியையே நேராய்த் தொடுகிறவரைக் காக்க இவ்வளவு பெரிய அளவு போதாது. அதற்கு 30 மில்லியாம்பியரே வேண்டும்.

உலோகங்களை ஒன்றாய்ப் பிணைத்தல்

எர்த் போடுவதோடு செய்ய வேண்டிய இரண்டாவது வேலை, அருகருகேயுள்ள உலோகப் பொருள்களையெல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பிணைப்பதாகும். மோட்டார் கொட்டகையில் மோட்டாரின் உடம்பு, ஸ்டார்ட்டர் பெட்டி, மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டி, தண்ணீர்க் குழாய், தகரக் கூரையின் இரும்புச் சட்டம் ஆகியவை இருக்கும். ஒரு கை மோட்டாரிலும் மறு கை குழாயிலும் இருக்கும்போது, இரண்டும் வெவ்வேறு அழுத்தத்தில் இருந்தால் மின்சாரம் மார்பின் குறுக்கே ஓடும். எல்லாம் பிணைக்கப்பட்டிருந்தால் யாவும் ஒரே அழுத்தத்தில் நிற்கும், ஓட்டத்துக்கு இடமிராது. கம்பியில் உட்கார்ந்த காகத்தின் நிலையே இங்கும் நமக்கு வாய்க்கிறது.

வீட்டிலும் இவ்வாறே மெயின் போர்டில் எர்த்துக்கென்று ஒரு தனிப் பட்டையை அமைத்து, எர்த் பைப்பிலிருந்து வரும் கம்பி, ஒவ்வொரு பிளக்குக்கும் போகும் பச்சைக் கம்பி, இரும்புக் குழாயிலிருந்து வரும் பிணைப்புக் கம்பி யாவற்றையும் அதில் திருகாணியால் முடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்னாளில் கிணற்றின் இரும்புக் குழாயே நல்ல எர்த்தாக உதவிற்று. அதில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டால் போதுமென்று இருந்தார்கள். இப்பொழுது அந்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய்களை இறக்குகிறார்கள். குழாயை மாற்றிய அன்றே எர்த்தும் போய்விட்டது. கம்பி மாத்திரம் பார்வைக்கு இருக்கிறது. குழாய் மாற்றியவர்கள் தனி எர்த் பைப் புதைத்து, ஆழ்துளை மோட்டாருக்குத் தனி எர்த் கம்பியும் இறக்க வேண்டும்.

நியூட்ரல் வேறு, எர்த் வேறு

இரண்டும் பூமியோடு சம்பந்தப்பட்டவையாதலால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை உபயோகிக்கலாமென்று சிலர் எண்ணுகிறார்கள். கொட்டகையில் நியூட்ரல் இல்லாதபோது, ஒரு ஃபேஸையும் எர்த் பைப்பையும் கொண்டு விளக்கு எரிக்கிறார்கள். இது கொடிய வழக்கம். விளக்கின் மின்சாரம் முழுவதும் எர்த் பைப் வழியே மண்ணில் இறங்குகிறது. அந்த எர்த் கம்பி நடுவில் அறுந்தால், அதனோடு சேர்ந்த மோட்டார், ஸ்டார்ட்டர், குழாய் எல்லாவற்றிலும் விளக்கின் வழியாக மின்சாரம் ஏறிவிடும்.

வேறு சிலர் வீட்டு மெயின் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் வீட்டின் முதல் மின்பெட்டியில் இவ்விரண்டையும் ஒரே ஓர் இடத்தில் இணைப்பது சட்டப்படி செய்யும் முறை. அங்கே கசியும் மின்சாரம் மண்ணை நம்பாமல், உலோகக் கம்பியின் வழியாகவே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் பெரிய அளவில் ஓடுவதால் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. அப்பெட்டியைக் கடந்தபின் வேறெங்கும் இரண்டையும் சேர்க்கலாகாதென்பதும் அங்குள்ள விதி. நம்முடைய மின்வழங்கல் முறையில் அவ்விணைப்பை டிரான்ஸ்பார்மரில் மின்வாரியமே செய்திருக்கிறது. உபயோகிப்பவர் தம் போர்டில் செய்யலாகாது. செய்தால், கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று, வீட்டில் எரியும் விளக்குகளின் வழியாய் மின்சாரம் எர்த் பட்டையில் ஏறி, எர்த் செய்த ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குழாய்க்கும் பரவும். மேலும், தடுப்பானுக்குப் பின்னால் இவ்விரண்டையும் சேர்த்தால், தடுப்பான் காரணமின்றி விழும். விழுவதைக் கண்டு அதை நீக்கிவிடும் எண்ணமும் உண்டாகும்.

எர்த் பைப் புதைக்கும் முறை

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 3043-ஆம் எண் விதித்தொகுப்பு இவ்வேலைக்கு வழிகாட்டியாயிருக்கிறது. ஜி.ஐ. குழாய் 38 மில்லிமீட்டர் உட்குறுக்களவுக்குக் குறையாமலும், 2.5 மீட்டர், அதாவது சுமார் 8 அடி, நீளத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிப் புதைக்க வேண்டும். வண்ணம் பூசிய குழாய் உதவாது.

சிலர் நீளத்தைக் குறைத்துப் பருத்த குழாயாய்ப் போடுகிறார்கள். அது லாபமில்லை. குறுக்களவை இரட்டித்தால் மின்தடை எட்டில் ஒரு பங்குதான் குறையும். நீளத்தை 5 மீட்டராக்கினாலோ 35 ஓம் சுமார் 20 ஓமாகக் குறையும். ஆழத்தில் ஈரம் நிலைத்திருப்பதும் நன்மையே. பாறை குறுக்கிட்டு ஆழமாய் இறக்க முடியாத இடத்தில், 5 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழாய்களைப் புதைத்து ஒன்றாய் இணைக்கலாம். நெருக்கமாய்ப் புதைத்தால் முழுப் பயன் கிடையாது.

மண்ணின் வகையையும் கவனிக்க வேண்டும். களிமண்ணும் வண்டலும் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் நல்லவை. மணலும் சரளையும் மின்தடை மிகுந்தவை. கரிசல் மண் ஈரமாயிருக்கையில் மிக நல்லது. ஆனால் கோடையில் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். இது தடையைக் குறைக்கும். ஆயினும் உப்பு மழையில் கரைந்துபோகும், குழாயையும் அரிக்கும். ஆகையால் சில வருஷங்களுக்கு ஒருமுறை தோண்டிப் பார்ப்பது அவசியம். கோடையில் அவ்விடத்தில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

எர்த் கம்பிக்குச் சாதாரணமாய் 8-ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பி போதும். இணைக்குமிடத்தில் துருவையும் வண்ணத்தையும் சுரண்டி, போல்ட்டும் நட்டும் இட்டு முடுக்க வேண்டும், வெறுமனே முறுக்கிவிடலாகாது. எர்த் கம்பியின் நடுவே பியூஸோ சுவிட்சோ இருக்கக் கூடாது. மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் உடம்புக்கு ஒன்றுக்கொன்று தனியான இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டுமென்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் கூறின; பின்வந்த ஒழுங்குமுறைகளும் அவ்விதியைத் தொடர்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்குமென்பதே இதன் கருத்து.

கால்நடைகள்

கசிவுள்ளபோது எர்த் பைப்பைச் சுற்றியுள்ள மண்ணிலும் அழுத்தம் பரவுகிறது. பைப்பின் அருகே அது மிகுந்தும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளிச் செல்லச் செல்ல விரைவாய்க் குறைந்தும் இருக்கும். அங்கே நிற்கும் மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள தூரம் மனிதனுடைய காலடியைவிடப் பெரிது; ஆகையால் அவ்விரண்டிடையே உள்ள அழுத்த வித்தியாசமும் பெரிது. மின்சாரம் முன்காலில் ஏறிப் பின்காலில் இறங்கும்போது இதயம் வழியிலேயே அகப்படுகிறது. மனிதனுக்குச் சிறு அதிர்ச்சியாய்த் தோன்றுவது மாட்டைக் கொன்றுவிடுவது இதனால்தான். எர்த் பைப்பின் அருகிலும், மின்கம்பத்திலும், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியிலும் கால்நடைகளைக் கட்டலாகாது. மோட்டாருக்கு அருகில் போனதும் மாடு மிரண்டு பின்வாங்கினால், அதை அடித்து ஓட்டாமல் மெயின் சுவிட்சை நிறுத்திக் கசிவைச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

பரிசோதனை

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பல்பை வைத்து, அது எரிந்தால் எர்த் நன்றாயிருக்கிறதென்று சொல்வது வழக்கம். இச்சோதனையை நம்பலாகாது. 60 வாட் பல்பு, 200 ஓம் தடையுள்ள கெட்ட எர்த்திலும் சற்று மங்கலாய் எரியவே செய்யும். அன்றியும், எர்த் கம்பி எங்கேனும் அறுந்திருந்தால் இச்சோதனையே மோட்டாரின் உடம்பில் மின்சாரத்தை ஏற்றிவிடும். எர்த் டெஸ்டர் என்னும் கருவி கொண்டு மின்பணியாளர் அளந்து, ஓம் கணக்கைப் போர்டின் பக்கத்தில் தேதியுடன் எழுதிவைப்பதே சரியான முறை. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அளந்தால் உண்மை நிலை தெரியும். மின்கசிவுத் தடுப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தி, விழுகிறதா என்று வீட்டாரே பார்க்கலாம்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி மோட்டார், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டி, பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம் ஆகியவை பலர் தொடும் இடங்கள். இவற்றின் எர்த்தை வருஷந்தோறும் மழைக்காலத்துக்கு முன் அளந்து பதிவு செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து இறங்கும் எர்த் கம்பி அறுந்தோ திருடப்பட்டோ போயிருந்தால், அதனால் மின்சாரம் பெறும் எல்லா வீடுகளுக்கும் அபாயம். கண்டவுடன் மின்வாரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஒருவர் மின்சாரத்தில் அகப்பட்டால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அது கூடாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். வெறுங்கையால் தொட்டு இழுக்கப் போய் இரண்டாவது உயிரையும் இழக்கும் பரிதாபத்தை ஊரார் யாவருக்கும் எடுத்துச் சொல்லுதல் நலம்.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியவை:

1. எர்த் பைப், மின்கசிவுத் தடுப்பான் இரண்டும் வேண்டும். பியூஸ் உயிரைக் காக்காது.
2. கொட்டகையிலுள்ள உலோகப் பொருள்களையெல்லாம் ஒன்றாய்ப் பிணைத்து எர்த்தில் சேர்க்க வேண்டும்.
3. எர்த்தை நியூட்ரலாக உபயோகிக்கவும், போர்டில் அவ்விரண்டையும் சேர்க்கவும் கூடாது.
4. பருத்த குழாயைவிட நீண்ட குழாயே மேல்.
5. இரும்புக் குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் குழாய் இறக்கினால் புது எர்த் போட வேண்டும்.
6. வருஷம் ஒருமுறை கருவி கொண்டு அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை தடுப்பானைச் சோதிக்க வேண்டும்.

இதற்காகும் செலவு, எரிந்த மோட்டாருக்கு ஒருமுறை சுருள் கட்டும் கூலியோடு ஒப்பிடத்தக்கதே. சுருளை மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். போன உயிரைத் திரும்பப் பெற வழியில்லை. குடியானவர்கள் அடுத்த மழை தொடங்குமுன் தங்கள் கொட்டகைக்குச் சென்று, எர்த் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்பதைத் தங்கள் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.